கோர்ட் வளாகத்துல இருக்கிற இலவச லீகல் எய்ட் ஆபீஸ்: என் வேலையக் காப்பாத்தின இடம், 5க்கு 4 ஸ்டார்

காசு வாங்காம வக்கீல் வச்சுக் குடுப்பாங்கன்னு சொன்னா நம்ம ஆளுங்களுக்கு முதல்ல வர்ற சந்தேகம் ஓசில வர்ற வக்கீல் ஒழுங்கா பார்ப்பாங்களாங்கிறதுதான். எனக்கும் அதே சந்தேகம் இருந்துச்சு, எங்க அம்மாவுக்கு என்னைவிட அதிகமா இருந்துச்சு. இப்ப ஒரு வருஷத்துக்கு மேல அந்த ஆபீஸுக்கு நடந்துட்டேன், அதனால மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவோட இலவச சட்ட உதவிய பத்தி ஒரு ரிவ்யூ எழுதியே ஆகணும்னு தோணுச்சு, ஏன்னா வேலை பார்க்கிற இடத்துல தொந்தரவு அனுபவிக்கிற பொண்ணுங்க நிறைய பேருக்கு இப்படி ஒரு கதவு இருக்கிறதே தெரியல.

முன்னாடியே ஒண்ணு சொல்லிடறேன். என்ன நடந்துச்சு, யாரு பண்ணாங்க, எந்த ஊரு, விசாரணைல யாரு என்ன பேசுனாங்கங்கிறது எதுவும் இதுல இருக்காது. பணியிடப் பாலியல் தொல்லை தடுப்புச் சட்டம் 2013ல 16வது பிரிவு அதெல்லாம் வெளிய சொல்லக் கூடாதுன்னு சொல்லுது. பேர், அடையாளம் எதுவும் காட்டாம நியாயம் கிடைச்சுதுன்னு மட்டும் சொல்லலாம். எனக்குக் கிடைச்சுது. அது போதும்.

நான் பார்த்தது ஒரு சின்ன ஆபீஸ், கணக்கு எழுதற வேலை, மொத்தம் 8 பேர். மேனேஜர் முதலாளிக்குச் சொந்தக்காரர். முதலாளிகிட்ட போய்ச் சொன்னப்ப "நம்ம எல்லாம் ஒரு குடும்பம் மாதிரிம்மா, பெருசு பண்ணாத"ன்னு சொல்லி அனுப்பிட்டார். பத்துப் பேரோ அதுக்கு மேலயோ வேலை பார்க்கிற இடமா இருந்தா அங்க உள்ளக புகார் குழு கட்டாயம் இருக்கணும், ஆனா எங்க மாதிரி சின்ன இடத்துக்கு அது கிடையாது, அப்ப எங்க போறதுன்னே தெரியாம ரெண்டு வாரம் வீட்ல யார்கிட்டயும் சொல்லாம இருந்தேன். அப்புறம் ஒருநாள் ராத்திரி 181க்கு போன் பண்ணேன், மகளிர் உதவி எண். அந்தப் பக்கம் பேசுன அம்மா பொறுமையா கேட்டுட்டு, பத்துப் பேருக்குக் குறைவா இருக்கிற இடத்துக்கும் முதலாளி மேலயே புகார்னாலும் மாவட்ட அளவுல உள்ளூர் புகார் குழுன்னு ஒண்ணு இருக்கு, புகார் எழுத உதவி வேணும்னா கோர்ட்ல இருக்கிற சட்ட உதவி ஆபீஸுக்குப் போங்க, பொண்ணுங்களுக்கு வருமானச் சான்றிதழ் எல்லாம் தேவையில்லன்னு சொன்னாங்க. இது 1987ம் வருஷத்து சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்துல 12வது பிரிவுல இருக்கு, பெண்கள்னா சம்பளம் எவ்வளவா இருந்தாலும் இலவச சட்ட உதவிக்குத் தகுதி உண்டு. நான் மாசம் பதினாறாயிரம் சம்பளம், ஒருவேளை கிடைக்காதோன்னு பயந்துட்டு இருந்தேன்.

ஆபீஸ் கோர்ட் வளாகத்துக்குள்ள தரைத்தளத்துல இருக்கு. வெளிய ஒரு நீள பெஞ்ச், அதுல எப்பவும் ஏழெட்டுப் பேர், முக்கால்வாசி ஜீவனாம்ச கேஸு, நிலத் தகராறு. முதல் நாள் 10 மணிக்குப் போய் 12.40க்குத்தான் உள்ள கூப்பிட்டாங்க, அந்த ரெண்டு மணி நாப்பது நிமிஷத்துல மூணு தடவ எழுந்து வீட்டுக்குப் போயிடலாமான்னு நினைச்சேன். உள்ள போனா முதல்ல பேசறது வக்கீல் இல்ல, சட்டத் தன்னார்வலர்னு ஒரு அக்கா. என்னைப் பொறுத்தவரை இந்த சர்வீஸோட பெரிய பலமே அந்த அக்காதான்.

நான் அழுதுட்டே எல்லாத்தையும் முன்ன பின்ன கலந்து சொல்றேன், அவங்க ஒரு வார்த்தை குறுக்க பேசல. முடிச்சதும் மேசைக்கு மேல மாட்டியிருந்த மாச காலண்டரக் கழட்டி என் முன்னாடி வச்சாங்க. "தேதி ஞாபகம் இல்லைன்னா பரவால்ல பாப்பா, ஆடிப் பதினெட்டுக்கு முன்னாடியா பின்னாடியா, விநாயகர் சதுர்த்தி லீவு முடிஞ்சு வந்த வாரமா, அன்னைக்கு சம்பளம் போட்டாங்களா, உங்க வீட்ல ஏதாவது விசேஷம் இருந்துச்சா"ன்னு ஒண்ணொண்ணா கேட்டு, என் வாயாலயே ஆறு சம்பவத்துக்குத் தேதி வர வச்சாங்க. ஒரு கோடு போட்ட பேப்பர்ல இடது பக்கம் தேதி, நடுவுல என்ன நடந்துச்சு, வலது பக்கம் யாரு பார்த்தா இல்ல எந்த மெசேஜ்ல இருக்கு. அந்த ஒரு பக்கப் பேப்பர்தான் கடைசி வரைக்கும் என் கேஸோட முதுகெலும்பு. கடைசி சம்பவத்துல இருந்து மூணு மாசத்துக்குள்ள புகார் குடுக்கணும்னு சட்டம் இருக்கு, தாமதத்துக்குச் சரியான காரணம் இருந்தா குழு இன்னும் மூணு மாசம் தரலாம், எனக்கு அப்ப நாலு வாரம் கூட ஆகல, நேரம் இருக்கு நிதானமா எழுதலாம்னு அவங்க சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சே வந்துச்சு.

வாட்ஸப் மெசேஜ் ஸ்கிரீன்ஷாட் எடுக்கறதுக்கும் ஒரு முறை சொல்லிக் குடுத்தாங்க, பேர் மட்டும் தெரிஞ்சா பத்தாது, அந்த கான்டாக்டத் திறந்து நம்பர் தெரியற மாதிரி ஒண்ணு, தேதி தெரியற மாதிரி ஒண்ணு, போன மாத்தவே கூடாது, மெசேஜ அழிக்கவே கூடாது. புகாரும் அதோட சேர்க்கிற பேப்பரும் ஆறு காப்பி குடுக்கணும்னு விதி. கோர்ட் வாசல் ஜெராக்ஸ் கடைக்காரர்கிட்ட என் மெசேஜெல்லாம் பிரிண்ட் போடக் கூச்சமா இருக்குன்னு நான் தயங்குனப்ப அக்கா எழுந்து உள்ள இருந்த மெஷின்லயே போட்டுக் குடுத்தாங்க. அப்படி ஒரு விஷயத்துக்கு எல்லாம் ஸ்டார் குடுக்க ரிவ்யூல கட்டம் இல்ல, ஆனா எனக்கு அதுதான் மறக்கவே மாட்டேங்குது.

அன்னைக்கே எனக்கு ஒதுக்குன வக்கீல் மேடமும் வந்தாங்க, ஐம்பது வயசு இருக்கும். புகார் குழு முன்னாடி விசாரணைல வக்கீல் ஆஜராக முடியாது, சட்டமே அப்படித்தான், ரெண்டு தரப்புக்கும், அதனால உனக்குப் பதிலா நான் பேச முடியாது, நீதான் பேசணும், ஆனா பேசறதுக்கு உன்னைத் தயார் பண்ணி அனுப்பறேன்னு முதல்லயே தெளிவா சொல்லிட்டாங்க. புகார் பொய்னு சொல்லி என் மேலயே நடவடிக்கை எடுத்துட்டா என்ன பண்றதுன்னு கேட்டேன், எங்க முதலாளி அப்படித்தான் பயமுறுத்தியிருந்தார். "நிரூபிக்க முடியாமப் போறது வேற, வேணும்னே பொய் சொன்னேன்னு அவங்க நிரூபிக்கிறது வேற. சாட்சி பத்தலங்கிறதுக்காக மட்டும் உன் மேல நடவடிக்கை எடுக்க முடியாதுன்னு 14வது பிரிவுலயே எழுதியிருக்கு"ன்னு சொல்லி அந்த வரிய புத்தகத்துல விரல் வச்சுக் காட்டுனாங்க. விசாரணை நடக்கிற காலத்துக்கு மூணு மாசம் வரைக்கும் தனி லீவு கேட்கலாம்னு அதே 2013 சட்டத்துல 12வது பிரிவுல இருக்கிறதும் அன்னைக்குத்தான் தெரியும், நம்ம கணக்குல இருக்கிற லீவுல அது கழியாது.

விசாரணை 90 நாள்ல முடியணும்னு சட்டம், எனக்கு அஞ்சு மாசம் ஆச்சு. அதுக்கு லீகல் எய்ட் ஆபீஸ் காரணம் இல்ல, அதனால அதுக்கு ஸ்டார் குறைக்கல.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வர்றேன். என் புகார் காப்பி எதிர்த்தரப்புக்குப் போய் நாலாவது வாரம், 2024 டிசம்பர்ல, என் மேல போலீஸ்ல ஒரு புகார். ஆபீஸ் பணத்துல 18,400 ரூபாய நான் எடுத்துட்டேன்னு. முதல்ல சிஎஸ்ஆர் போட்டாங்க, அதாவது புகார் வந்துச்சுன்னு ஸ்டேஷன்ல குடுக்கிற ரசீது, பத்து நாள்ல எஃப்ஐஆர் ஆயிடுச்சு, ஊழியர் செஞ்ச நம்பிக்கை மோசடின்னு பிஎன்எஸ், அதாவது ஐபிசிக்குப் பதிலா வந்த புது குற்றவியல் சட்டம், அதுல 316வது பிரிவு 4வது உட்பிரிவு. எங்க வீட்ல அன்னைக்கு அடுப்பு எரியல. அம்மா சாமி ரூம்லயே உட்கார்ந்துட்டாங்க.

பயத்துல சித்தப்பா தெரிஞ்சவர் மூலமா ஒரு பிரைவேட் வக்கீல்கிட்ட கூட்டிட்டுப் போனார், 15,000 குடுத்தோம், முன்ஜாமீனுக்கு அது தனி இது தனின்னு பேச்சு போயிட்டே இருந்துச்சு. அவரைத் திட்டறதுக்காக இதை எழுதல, ஆனா அவர் சொன்ன ஒரு வார்த்தைல என் வேலையே போயிருக்கும்.

2025 மார்ச்ல எனக்கு வேற ஒரு கம்பெனில வேலை கிடைச்சுது, நல்ல கம்பெனி, சம்பளம் 24,000. ஆஃபர் லெட்டரோட ஒரு பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷன் ஃபார்ம் வந்துச்சு. அதுல ஒரு கேள்வி, உங்க மேல கிரிமினல் வழக்கு ஏதாவது நிலுவையில இருக்கா, எஃப்ஐஆர் பதிவாகியிருக்கா, எஸ் இல்ல நோ டிக் பண்ணுங்க. அந்தப் பிரைவேட் வக்கீல் போன்லயே "சார்ஜ் ஷீட்டே வரலையேம்மா, நோ போட்டுட்டு போய்ட்டே இரு, யாரு பார்க்கப் போறா"ன்னுட்டார். நானும் போட்டுடலாம்னு பேனாவ எடுத்துட்டேன். என்னமோ மனசு கேக்கல, மறுநாள் காலைல ஃபார்ம எடுத்துட்டு லீகல் எய்ட் ஆபீஸுக்கே திரும்பப் போனேன், அதுவரைக்கும் எஃப்ஐஆர் விஷயத்த அவங்ககிட்ட சொல்லவே இல்ல, குற்றம் சாட்டப்பட்டவங்களுக்கு எல்லாம் அங்க உதவ மாட்டாங்கன்னு நானா நினைச்சுட்டு இருந்தேன். அது தப்பு. லீகல் எய்ட் டிஃபென்ஸ் கவுன்சில்னு தனியா ஒரு பிரிவே இருக்கு, கிரிமினல் கேஸ்ல மாட்டுனவங்களுக்காக முழுநேரமா வேலை பார்க்கிற வக்கீலுங்க.

மேடம் அந்த ஃபார்ம எடுத்து மூணு தடவ படிச்சாங்க. அப்புறம் என்னைப் படிக்கச் சொன்னாங்க. "இதுல என்ன கேக்குதோ அதுக்கு மட்டும் பதில், கேக்கிறதுக்கு உண்மையான பதில்"னு சொல்லி ஒரு துண்டுப் பேப்பர்ல வரிசையா எழுதுனாங்க. புகார், சிஎஸ்ஆர், எஃப்ஐஆர், சார்ஜ் ஷீட், கோர்ட் குற்றச்சாட்டு பதிவு பண்றது, தண்டனை. இது ஆறும் ஆறு படி. சில ஃபார்ம்ல தண்டனை வாங்கியிருக்கீங்களான்னு மட்டும் கேக்கும், அப்ப எஃப்ஐஆர் மட்டும் இருக்கிறவங்க இல்லைன்னு எழுதறது பொய் இல்ல. சிலதுல கைதாகியிருக்கீங்களான்னு கேக்கும். என் ஃபார்ம்ல எஃப்ஐஆர்ங்கிற வார்த்தையே இருக்கு, அதனால நோ போட்டா அது சுத்தப் பொய், நாளைக்கு கேஸ் ஒண்ணுமில்லாமப் போனாக் கூட பொய் சொன்னேங்கிறதுக்காக வேலைய விட்டுத் தூக்கலாம், ஆஃபர் லெட்டர்ல ஏழாவது நிபந்தனையா அதுவே இருக்கு பாருன்னு காட்டுனாங்க. நான் அந்த ஆஃபர் லெட்டர ஒழுங்கா படிக்கவே இல்லைங்கிறது அப்பதான் தெரிஞ்சுது.

யாரு பார்க்கப் போறான்னு அந்த வக்கீல் கேட்டாரே, யாரு பார்ப்பாங்கன்னு மேடம் சொன்னாங்க. வெரிஃபிகேஷன் ஏஜென்சிக்காரங்க இ-கோர்ட்ஸ் சைட்ல பேர் போட்டுத் தேடுவாங்க, தமிழ்நாடு போலீஸ் சைட்ல எஃப்ஐஆர் பார்க்க வசதி இருக்கு, எல்லாத்துக்கும் மேல பழைய ஆபீஸுக்கு போன் போடுவாங்க. என் பழைய ஆபீஸ்ல போன எடுக்கப் போறது யாரு? என் மேல கேஸ் குடுத்த அதே ஆளு.

அரசு வேலைக்கு இதே விஷயத்துல சுப்ரீம் கோர்ட் 2016ல அவதார் சிங் வழக்குல தீர்ப்பு குடுத்திருக்கு, கேஸ மறைச்சா அதுவே வேலை மறுக்கக் காரணம் ஆகலாம், ஆனா உண்மையச் சொல்லியிருந்தா அது என்ன மாதிரி கேஸு, எவ்வளவு பெருசு, அந்த வேலைக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்கான்னு எல்லாம் முதலாளி தரப்பு யோசிச்சுத்தான் முடிவெடுக்கணும், கேஸ் இருக்கிறதே தெரியாதவங்க மேல மறைச்சேன்னு பழி போட முடியாது. பிரைவேட்ல அது அப்படியே பொருந்தாட்டியும் மறைக்கிறதுதான் பெரிய தப்புங்கிற கணக்கு ஒண்ணுதான்னாங்க. போலீஸ் வேலைக்குத் தயார் பண்றவங்களுக்கு இது இன்னும் கடுமை, சந்தேகத்தோட பலனைக் குடுத்து விடுதலை ஆனாக் கூட கிரிமினல் கேஸ்ல சம்பந்தப்பட்டவங்கன்னுதான் தமிழ்நாடு போலீஸ் விதி எடுத்துக்குது. என் சித்தி பையன் ரெண்டாம் நிலைக் காவலர் தேர்வுக்குப் படிக்கிறான், திருவிழால நடந்த ஒரு கைகலப்பு கேஸ்ல அவன் பேரும் இருக்கு, அன்னைக்கு சாயங்காலமே அவனையும் இங்க வரச் சொன்னேன்.

சரி, எஸ்னு டிக் பண்ணிட்டேன், கூட ஒரு அரைப்பக்க லெட்டர். மேடம் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். க்ரைம் நம்பர், எந்த ஸ்டேஷன், என்ன பிரிவு, எந்தத் தேதி, இப்ப புலன் விசாரணைல இருக்கு, குற்றச்சாட்டை மறுக்கிறேன், விசாரணைக்கு ஒத்துழைக்கிறேன், முடிவு எதுவானாலும் உங்களுக்குத் தெரிவிக்கிறேன். எஃப்ஐஆர் காப்பி மட்டும் இணைப்பு. நான் என் புகார் காப்பியையும் சேர்த்து அனுப்பறேனே, அப்பதானே இது பழிவாங்கற கேஸுன்னு அவங்களுக்குப் புரியும்னு கேட்டதுக்கு, கூடாது, 16வது பிரிவு உனக்கும் சேர்த்துத்தான், அதை வெளிய காட்டுனா எதிர்த்தரப்பு அதை வச்சே உன்னை மடக்குவாங்கன்னு நிறுத்திட்டாங்க. இது நானா யோசிச்சு இருந்தா கண்டிப்பா தப்பு பண்ணியிருப்பேன்.

பதினோரு நாள் பதில் இல்ல. அந்தப் பதினோரு நாளும் நான் சரியா சாப்பிடல. பன்னெண்டாவது நாள் எச்ஆர் மேடம் கூப்பிட்டு, நீங்களே சொன்னதால லீகல் டீம்கிட்ட கேட்டோம், ஜாயின் பண்ணுங்க, சார்ஜ் ஷீட் வந்தா ஒரு வாரத்துக்குள்ள சொல்லணும்னு ஒரு கையெழுத்து மட்டும் போடணும்னு சொன்னாங்க. கேஷ் கையாளற வேலை ஆறு மாசத்துக்குக் கிடையாது, பில்லிங் மட்டும். அதுல எனக்கு வருத்தம் இல்ல.

போலீஸ் பக்கமும் அதே லீகல் எய்ட் ஆபீஸ்தான் பார்த்தாங்க. ஏழு வருஷம் வரைக்கும் தண்டனை இருக்கிற பிரிவுங்கிறதால உடனே கைது பண்ண வேண்டிய கட்டாயம் இல்ல, பிஎன்எஸ்எஸ்னு சொல்ற புது குற்றவியல் நடைமுறைச் சட்டத்துல 35வது பிரிவு 3வது உட்பிரிவுல நோட்டீஸ் குடுத்துக் கூப்பிடலாம், கூப்பிட்ட தேதில தவறாம போகணும், அவ்வளவுதான். ராத்திரில வந்து கூட்டிட்டுப் போயிடுவாங்களோன்னு அம்மா தூங்காம இருந்தாங்க, பொண்ணுங்கள சூரியன் மறைஞ்சதுக்கப்புறம் சாதாரணமா கைது பண்ணக் கூடாது, ரொம்ப அவசியம்னா பெண் போலீஸும் மாஜிஸ்ட்ரேட் அனுமதியும் வேணும்னு வக்கீல் மேடம் அம்மாகிட்டயே போன்ல சொன்னாங்க. 15,000 வாங்குனவர் இதைச் சொல்லவே இல்ல.

பெஞ்ச்ல காத்திருக்கிறப்ப என் பக்கத்துல உட்கார்ந்த பொண்ணுங்க நிறைய பேர் கேட்ட கேள்வி வேற மாதிரி, நான் அவன் மேல எஃப்ஐஆர் போட்டா அவன் வேலை போயிடுமான்னு. எஃப்ஐஆரால மட்டும் தானா போகாது. அரசு ஊழியர்னா 48 மணி நேரத்துக்கு மேல காவல்ல இருந்தாலே சஸ்பெண்ட் ஆன மாதிரி கணக்கு. பிரைவேட்ல கம்பெனி விதிப்படி சஸ்பெண்ட் பண்ணி உள் விசாரணை வைக்கலாம், சஸ்பென்ஷன்ல இருக்கிறவருக்குத் தமிழ்நாட்ல 1981ம் வருஷச் சட்டப்படி முதல் 90 நாள் பாதி சம்பளம், அடுத்த 90 நாள் முக்கால், அதுக்கும் மேல இழுத்தா முழுசு, அதனாலதான் நிறைய கம்பெனிங்க விசாரணைய சீக்கிரம் முடிக்கப் பார்க்கிறாங்க. கோர்ட் கேஸ் முடியற வரைக்கும் கம்பெனி காத்திருக்கணும்னு கட்டாயம் இல்ல, ரெண்டும் ஒரே நேரத்துல நடக்கலாம். கோர்ட்ல சந்தேகத்துக்கு இடமில்லாம நிரூபிக்கணும், கம்பெனி விசாரணைல நடந்திருக்க வாய்ப்பு அதிகம்னு தெரிஞ்சாலே போதும், அதனால கோர்ட்ல விடுதலை ஆனவருக்கும் வேலை திரும்பக் கிடைக்காமப் போகலாம். என் மேல எஃப்ஐஆர் இருந்தப்ப இதெல்லாம் எனக்கு எதிராவும் வரும்னு யோசிச்சுத்தான் கேட்டுக்கிட்டேன். குற்றம் சாட்டப்பட்ட எல்லாரும் குற்றவாளி இல்லைங்கிறது என் உடம்புல ஏறின பாடம், அதே நேரம் புகார் குடுத்தவளை மடக்க ஒரு எஃப்ஐஆர் எவ்வளவு சுலபமா கிடைக்குதுங்கிறதும்தான்.

ஒரு ஸ்டார் ஏன் குறைச்சேன்னா, காத்திருக்கிற நேரம். நாலு தடவ போனா மூணு தடவ ரெண்டு மணி நேரத்துக்கு மேல. போன் பண்ணா பாதி நேரம் எடுக்கவே மாட்டாங்க, சட்ட உதவி எண் 15100க்குப் பண்ணா தகவல் சொல்றாங்க, ஆனா நம்ம ஃபைல் எங்க இருக்குன்னு அங்க தெரியாது. நடுவுல ஒரு தடவ என் வக்கீல் மேடம் லீவுல இருந்தப்ப வேற ஒரு இளம் வக்கீல் வந்தார், ஃபைலப் படிக்காமயே சமாதானமாப் போயிடலாமேன்னு ஆரம்பிச்சார், நான் அழுது எழுந்து வந்துட்டேன். மறுநாள் ஆணைக்குழு செயலாளர்கிட்ட எழுதிக் குடுத்தேன், அவங்க ஒரு நீதிபதி, உடனே பழைய மேடத்துக்கே ஃபைல மாத்திக் குடுத்தாங்க. வக்கீல் சரியில்லைன்னா மாத்தச் சொல்லிக் கேட்கலாம்ங்கிறத இதனாலதான் தெரிஞ்சுக்கிட்டேன். பொண்ணுங்க தனியா உட்கார்ந்து பேச ஒரு ரூம் இல்ல, ஸ்கிரீன் போட்ட ஒரு மூலைதான், நம்ம பேசறது பெஞ்ச்ல இருக்கிறவங்களுக்குக் கேக்கும். அது கண்டிப்பா மாறணும்.

போறவங்க காலைல 10 மணிக்குள்ள போயிடுங்க, திங்கக்கிழமை வேண்டாம், கூட்டம். ஆதார் காப்பி, ஆபீஸ்ல வேலை பார்த்ததுக்கு ஏதாவது ஒரு ஆதாரம், எதுவும் இல்லைன்னா சம்பளம் ஏறின பேங்க் பாஸ்புக் பக்கம் கூடப் போதும். குடிக்கத் தண்ணி எடுத்துட்டுப் போங்க.

என் எஃப்ஐஆர்ல போன வாரம் ஸ்டேஷன்ல இருந்து கூப்பிட்டாங்க, கணக்குப் புத்தகத்தையும் பேங்க் ஸ்டேட்மெண்டையும் ஒத்துப் பார்த்ததுல பணம் குறையவே இல்லையாம், மிஸ்டேக் ஆஃப் ஃபேக்ட், அதாவது நடந்ததா சொன்னதே தப்புன்னு முடிக்கப் போறாங்களாம். கேஸ முடிக்கிறோம்னு சொல்ற ஆர்சிஎஸ் நோட்டீஸ் புகார் குடுத்தவருக்குப் போகும், அவர் கோர்ட்ல ஆட்சேபிக்கலாம், ஆட்சேபிச்சா அதையும் பார்த்துக்கலாம்னு மேடம் சொல்லியிருக்காங்க. முடிச்ச ரிப்போர்ட்டோட காப்பி கோர்ட்ல வாங்கி எச்ஆர்கிட்ட குடுக்கணும், வர்ற வியாழக்கிழமை காப்பி மனு போடப் போறோம், அக்காவும் கூட வர்றேன்னு சொல்லியிருக்காங்க.